மீன்கள் பார்க்கும் பக்கம்

தீவன டப்பாவுடன் கிருபானந்தம் தொட்டியின் முன் வந்து நின்றபோது மீன்கள் அவரிடம் வரவில்லை.

காலை ஆறே முக்கால் மணி. வழக்கமாக அவருடைய செருப்புச் சத்தம் ஹாலில் கேட்டதுமே, முப்பது சொச்சம் மீன்களும் தொட்டியின் வலது பக்கக் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடும். இந்த ஆப்பிரிக்க ஏரி மீன்களுக்கு ஆள் அடையாளம் தெரியும். தீவனம் போடுகிறவர் யார், சும்மா வேடிக்கை பார்க்க வந்த விருந்தாளி யார் என்று பிரித்துப் பார்க்கும். இன்று அத்தனையும் இடது ஓரத்தில் இருந்தன. நாளெல்லாம் ஒன்றையொன்று துரத்திக் கடிக்கிற நீல ஆண் மீன்கள்கூட, சண்டையை மறந்து, மஞ்சள் மீன்களோடு தோளுரசிக்கொண்டு, இடது கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றன. அந்தக் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் தரை. அங்கே ஒன்றும் இல்லை. மீன்கள் மட்டும் சற்றே அண்ணாந்து, ஓர் ஆளின் முகம் இருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கண்ணாடியைத் தட்டினார். ஒரு வால்கூடத் திரும்பவில்லை. தீவனத்தைத் தூவினார். அது மிதந்து, ஊறி, மெதுவாகக் கீழே இறங்கியது. பத்து நிமிடம் கழித்து மீன்கள் திடீரென்று கலைந்தன. நின்றிருந்தவர் புறப்பட்டுப் போய்விட்டதைப் போல.

"கிரேஸி, இங்க வந்து பாரேன்" என்றார்.

அவர் மனைவி கிரேஸி, வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், வெள்ளைப் புடவையில் ஊக்கைக் குத்திக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான இருக்குது? வெயில் அந்தப் பக்கம் விழுந்திருக்கும்."

அந்தப் பக்கத்து ஜன்னல் மூடித்தான் இருந்தது. கிருபானந்தம் அதைச் சொல்லவில்லை.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். ஆம்பூரில் இப்படி ஒரு மீன் தொட்டி வேறு எவர் வீட்டிலும் கிடையாது. டான்சானியாவில் ஒரு தோல் தொழிற்சாலையில் மூன்று வருடம் கெமிஸ்டாக இருந்துவிட்டு, எண்பத்திரண்டில் ஊர் திரும்பியபோது, பிளாஸ்டிக் பைகளில் ஆக்ஸிஜன் அடைத்துப் பன்னிரண்டு குஞ்சுகளைக் கொண்டுவந்தார். விமானத்தில் பம்பாய், அங்கிருந்து ரயில். ஒன்பது பிழைத்தன. ஆம்பூர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். ஆனால் அந்த ஏரியின் தண்ணீரும் அப்படித்தான். வேறெந்த மீனும் சுருண்டுபோகிற உப்புத் தண்ணீரில் இவை நிறம் ஏறிப் பெருகின.

தொட்டியைச் செய்தது அவர் தனி ஆளாக அல்ல. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் அவருக்குக் கீழே வேலை செய்த மூர்த்தி இரும்புச் சட்டத்துக்கு வெல்டிங் ஆள் பிடித்தான். கண்ணாடிக்கு அவனே பட்டி வைத்தான். பாலாற்றிலிருந்து மணலைச் சலித்து, பதினோரு முறை அலசி, சைக்கிளில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தான். சுண்ணாம்புக் கற்களைக் குகை குகையாக அடுக்கிவிட்டு, ஒவ்வொரு கல்லையும் ஆட்டிப் பார்த்தான். "வுழுந்தா கண்ணாடி போய்டும் சார்." ஞாயிறுதோறும் கால் பங்கு தண்ணீரை மாற்ற வருவான். வலது பக்கம் கிருபானந்தத்தின் நாற்காலி கிடந்ததால், எப்போதும் இடது ஓரத்தில்தான் நிற்பான். போன கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் அவர்கள் ஊரில் இல்லாதபோது, சாவி அவனிடம்தான் இருந்தது.

மூர்த்தி செத்துப் பதினாறு நாள் ஆகிறது.

மறுநாளும் மீன்கள் இடது ஓரத்திலேயே நின்றன. அரை மணி நேரம். அதற்கடுத்த நாள், காலை முழுக்க. வியாழனன்று கிருபானந்தம் ஒன்றைக் கவனித்தார். மீன்கள் பக்கக் கண்ணாடியை விட்டு முன்பக்கக் கண்ணாடிக்கு வந்திருந்தன. இடது கோடியிலிருந்து ஒரு முழம் தள்ளி. வெள்ளிக்கிழமை நட்டநடுவில். ஏர் பம்ப் எப்போதும் போல வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டிருந்தது; குமிழிகள் வரிசையாக ஏறி உடைந்தன; அந்தச் சத்தத்துக்கு அடியில், ஈரத் துணியைத் தரையில் மெதுவாக இழுப்பது போல இன்னொரு சத்தம். அவர் மூச்சை அடக்கினால் அதுவும் நின்றது. பழகிய வாடை ஒன்று மூக்கில் ஏறியது. சுண்ணாம்பில் ஊறிய பச்சைத் தோல். தன் சட்டையில்தான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று சட்டையைக் கழற்றி வாளியில் போட்டார். வாடை போகவில்லை.

நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அதில் உட்காரவே இல்லை.

சனிக்கிழமை மாலை மீனாம்பாள் வந்தாள். மூர்த்தியின் மனைவி. உள்ளே வரச் சொல்லியும் வராமல், வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போய்டறேன். அவரு குடிச்சிருந்தாரா?"

கிருபானந்தம் கதவின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அப்டி எழுதிக் குடுத்ததா சொல்றாங்க. குடிச்சிட்டு, யாரும் சொல்லாமலே டேனரி கழிவுத் தொட்டில எறங்கிட்டான்னு. அவரு பீடிகூடப் புடிக்கமாட்டாரு சார். ஒங்களுக்குத் தெரியாததா? எங்க தெருவுல இன்னா பேச்சு பேசறாங்க தெரியுமா? குடிகாரன் பொண்டாட்டின்றாங்க. எம் பொண்ணு இஸ்கூலுக்கே போமாட்டேன்றா."

"நான் பக்கத்துல இல்லம்மா" என்றார். "வாடை அடிச்சதா சொன்னாங்க. அத எழுதினேன்."

"யாரு சொன்னாங்க?"

அப்போதுதான் அவர் தொட்டியைப் பார்த்தார். மீன்கள் நடுவில் இல்லை. வாசலை ஒட்டிய கோடிக்குப் போயிருந்தன. எல்லாக் கண்களும் கதவுப் பக்கம். மீனாம்பாளின் மீதல்ல. அவளுக்குப் பக்கத்தில், அவள் தோளுக்கு ஒரு சாண் மேலே, மாலை வெளிச்சம் விழுந்துகொண்டிருந்த வெற்றிடத்தின் மீது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நீ போ."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை கிருபானந்தம் மீன்களையே பார்த்திருந்தார். அவை அவளோடு போகவில்லை. கதவோரத்திலிருந்து மெல்ல மெல்ல, ஒரே கூட்டமாக, மறுபடி நடுவுக்கு வந்தன. நின்றன.

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த கிரேஸி சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"அன்னிக்கி கேஷுவாலிட்டியில நான்தான் டூட்டி" என்றாள். "இத்தன நாளா சொல்லல. அவன் மூஞ்சியத் துடைச்சது நான்தான். வாய்க்குள்ள, மூக்குக்குள்ள எல்லாம் சேறு. விரல விட்டு எடுத்தேன். சாராய வாடை ஒரு துளி இல்லங்க."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எறங்கச் சொன்னீங்களா?"

அன்று காலை நடந்தது அவருக்கு முழுதாகத் தெரியும். கழிவுநீர்த் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டது. ரோமம் நீக்குகிற மருந்து கலந்த தண்ணீர் அதில் ஏற்கெனவே தேங்கியிருந்தது. அதன்மேல் அமிலத் தண்ணீரையும் திறந்துவிட்டிருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் என்ன வாயு வரும் என்று அங்கிருந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மூர்த்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு மாதிரி வருது சார், நாளைக்கிப் பாத்துக்கலாமா?" என்றான். மதியம் தோல் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருவதாக இருந்தது. "ரெண்டு நிமிஷ வேலைப்பா. எறங்கு" என்றார். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். அவர் சொன்னதால் இறங்கினான்.

"அவனாத்தான் எறங்கினான்" என்றார் மனைவியிடம்.

ஹாலில் தண்ணீர் பளாரென்று அடிபட்டது. கிரேஸி திடுக்கிட்டுத் திரும்பினாள். தொட்டியின் மூடி சரியாகத்தான் இருந்தது. தரையில் ஈரம் இல்லை. மீன்கள் நடுவை விட்டு, வலது பக்கம், அவர் நின்றிருந்த பக்கமாக ஒரு முழம் நகர்ந்திருந்தன.

ஞாயிறு காலை கிரேஸி தனியாகக் கோயிலுக்குப் போனாள். அவரைக் கூப்பிடவில்லை. பைபிளை எடுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

அவள் போனதும் கிருபானந்தம் தொட்டியைக் காலி செய்யத் தொடங்கினார். மீன்களை டிரம்மில் போட்டு, வேலூரில் யாருக்காவது கொடுத்துவிடலாம். கண்ணாடியை உடைத்துவிடலாம். பார்க்கிற கண்கள் இல்லாவிட்டால் பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. அப்படித்தான் நினைத்தார். மூடியைக் கழற்றிவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் போட்டு, வலது கோடியில் தரையில் உட்கார்ந்து, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சினார். எத்தனையோ ஞாயிறு செய்த வேலை. வாய்க்குள் வந்தது தண்ணீர் அல்ல. கொழகொழவென்று, சுண்ணாம்பு எரிச்சலோடு, நாக்கில் மயிர் மயிராக ஒட்டுகிற ஏதோ ஒன்று. துப்பினார். துப்பியது தெளிந்த தண்ணீராகத்தான் தரையில் ஓடியது.

குழாயை முற்றத்துச் சாக்கடையில் விட்டார். தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

வெளியே மப்பும் மந்தாரமுமாக இருந்தது. கரண்ட் போயிற்று. ஏர் பம்ப் நின்றது. அந்த ரீங்காரம் நின்ற பிறகுதான், அது இத்தனை நாளும் எதையெதை மூடிவைத்திருந்தது என்று தெரிந்தது. தூரத்தில் கோயில் மணி. சாக்கடையில் தண்ணீர் விழும் சத்தம். பின்னால், ஈரத் துணி.

அவர் திரும்பவில்லை.

கற்குகைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பச்சைப் பாசி வழிந்தது. தண்ணீர் ஒரு சாண் ஆயிற்று. பிறகு நாலு விரல். மீன்களின் முதுகுச் செதில்கள் காற்றில் தெரிந்தன. அவை துள்ளவில்லை. கற்களின் மறைவுக்கும் ஓடவில்லை. அந்த நாலு விரல் தண்ணீரில், வயிறு மணலில் உரச, ஒரே கூட்டமாக அவரை நோக்கி வந்தன. வலது கண்ணாடிவரை. அவர் முகத்துக்கு நேராக.

ஒரு நிமிடம் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வந்துவிட்டன. தன்னிடம் வந்துவிட்டன.

பிறகு கண்களைப் பார்த்தார்.

அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு மேலே. அவர் தலைக்குப் பின்னால்.

நாற்றம் வந்தது. அழுகிய முட்டை. கண் எரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அப்புறம், விளக்கை அணைத்தது போல, நாற்றம் நின்றுவிட்டது.

அந்த வாயுவின் குணம் அவருக்குத் தெரியும். கொஞ்சமாக இருக்கிறவரைதான் நாறும். ஆளைக் கொல்கிற அளவு கூடிவிட்டால் மூக்கு செத்துப்போகும். ஒன்றுமே தெரியாது.

இப்போது ஒன்றுமே தெரியவில்லை.

"நான்தான்" என்றார். குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். "நான்தான் எறங்கச் சொன்னேன், மூர்த்தி. நீ வேணாம்னு சொன்ன. நீ குடிக்கல. நான் எழுதினது பொய். கிரேஸிகிட்ட சொல்லிடறேன். மீனாம்பாகிட்ட சொல்லிடறேன்."



குழாயில் தண்ணீர் தீர்ந்து, காற்றை உறிஞ்சியது. ஒரு முறை. இன்னொரு முறை. நின்றது.

கழுத்துக்குப் பின்னால் ஒரு குளிர்ச்சி. மூச்சல்ல. மூச்சு சூடாக இருக்கும்.

மீன்கள் வாயைத் திறந்தன. எல்லாம் ஒரே நேரத்தில். திறந்தன. மூடின. திறந்தன. பசித்தபோது செய்வது போல.

தீவன டப்பா எதிர்ச் சுவரில் அலமாரியில் இருந்தது. மூடி போட்டபடி. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

அவர் தலைமுடியை உரசிக்கொண்டு, மேலிருந்து கண்ணாடி விளிம்பைத் தாண்டி, ஈரமான சேற்று உருண்டைகள் ஒவ்வொன்றாக, நிதானமாகத் தண்ணீரில் விழுந்தன.

மீன்கள் தின்னத் தொடங்கின.