வெறும் சிவப்புக் கவர்

காலை ஒன்பது மணி. விசா ஏஜென்ட்டின் மேசை இழுப்பறை நெம்பித் திறக்கப்பட்டுக் கிடந்தது. உள்ளே இருந்த பாஸ்போர்ட்களில் ஒன்றை மட்டும் காணோம், வெளிநாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்து விசா நீட்டிப்புக்குக் கொடுத்திருந்த ஒரு நர்ஸுடையது. நண்பகலுக்குள் அதைக் குடியேற்றத் துறைக் கவுன்ட்டரில் கொடுக்காவிட்டால் அவள் மூட்டை கட்டிச் சொந்த நாடு திரும்ப வேண்டியதுதான்.

ஏஜென்ட்டுக்கு 'ரூல்ஸ் மாமா' என்று பட்டப்பெயர். துறையின் வழிகாட்டியைக் கரைத்துக் குடித்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அதையும் நம்ப ஆள் இருந்தது, கொடுமை.

வந்த பெண் இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை. "யார் மேல சந்தேகம்?"

"சொல்லவே வாய் கூசுது மேடம். என் மச்சான்தான். முந்தாநாள்தான் வேலைக்குச் சேர்த்தேன், வீட்டுக்காரி தொல்லை தாங்காம."

மூலையில் நின்ற மச்சான் பதறினான். "மாமா! கவுன்ட்டர் எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாதே!"

"கடைசியா அதை எப்பத் தொட்டீங்க?" என்று மாமாவைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நேத்து சாயங்காலம். கவரோட வெச்சுப் பூட்டினேன்." பேசிக்கொண்டே மாமா இன்னொரு பாஸ்போர்ட்டை எடுத்து அதன் மேலுறைக் கவரை உருவினார். "இது இன்னைக்குக் கவுன்ட்டர் போகுது மேடம். அங்க கவரோட கொடுத்தா வாங்க மாட்டாங்க."

இழுப்பறையில் நர்ஸின் சிவப்புக் கவர் மட்டும் காலியாகக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் வாசலருகே காத்திருந்த நர்ஸிடம் திரும்பினார்.

"விண்ணப்பம் போட்டப்புறம் நடுவுல நாட்டை விட்டு வெளியே போனீங்களா?"

"போனேன். ஊர்ல அப்பா இறந்துட்டார். 'பொதுவாக வெளியேறக் கூடாது'ன்னு வழிகாட்டியில இருந்துச்சு. இவரைக் கேட்டேன். 'பொதுவாகன்னு சும்மா போடுவாங்க, தாராளமா போங்க'ன்னார். இப்ப ஒரு வாரமா, 'நீ ஏம்மா போனே'ன்னு திட்டுறார்."

இன்ஸ்பெக்டர் துறைக்குப் போன் போட்டுப் பேசி முடித்தார்.

"ரூல்ஸ் மாமா, உங்க பையைத் திறங்க."

"என் பையையா?"

"திருட வந்தவன் கவரோட தூக்கிட்டுப் போவான். கவரை உருவிட்டு எடுக்கறது கவுன்ட்டருக்கு நடந்து பழகின கை. உங்க மச்சானுக்கு அந்தப் பழக்கம் வர இன்னும் நாளாகும்."

பாஸ்போர்ட் பையில்தான் இருந்தது. மாமா முத்திரை இருந்த பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

"இவ போயிட்டு வந்த முத்திரை இருக்கு மேடம். ரிஜெக்ட் ஆனா நான் தப்பா சொன்னேன்னு ஊரே சிரிக்கும். திருடு போச்சுன்னா..."

"வழிகாட்டியில அதுக்கு அடுத்த வரியில 'தக்க காரணம் இருந்தால் பரிசீலிக்கப்படும்'னு இருக்கே? அப்பா சாவு தக்க காரணம்தான்னு அதிகாரி சொல்றார். இறப்புச் சான்றிதழோட வரச் சொன்னார். ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"கேட்டா எனக்குத் தெரியலைன்னு ஆயிடுமே மேடம்."

மச்சான்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

நர்ஸ் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டாள். "எங்கப்பா முகத்தைப் பார்க்கப் போனது தப்புன்னு ஒரு வாரமா அழுதேன்யா," என்றாள். மாமா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் படியிறங்கி ஓடியிருந்தாள்.