இருபதுக்குக் கீழே

"இருபத்து நான்கு. தகுதி இல்லை" என்றது வாசல்.

பிரகாசி சக்கர நாற்காலியை நிறுத்தினாள். அளவு எடுக்காமல் யாரும் போய்விடக் கூடாதென்று உதவிக்கருவி மையத்துக்கு ஒரே வாசல்தான் வைத்திருந்தார்கள். அதன் நிலைச்சட்டம்தான் தேவைமானி. கடப்பவரின் தொடைத் தசையில் ஓடும் மின்துடிப்பை அளந்து, நூற்றுக்கு எத்தனை என்று உரக்கச் சொல்லும். இருபதுக்குக் கீழே இருந்தால் நடைச்சட்டை இலவசம். இடுப்பு முதல் பாதம் வரை மூடும் அந்த உலோக உடுப்பு, போட்டவரைப் படியேற்றும்.

பிரகாசிக்கு ஏற வேண்டியது நாற்பத்திரண்டு படி. துறைமுகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து கப்பல்களுக்கு வழி சொல்வது அவள் வேலை. டிசம்பர் வரைதான் இடத்தை வைத்திருப்பார்கள். விபத்துக்குப் பின் அவளுடைய எண் பதினொன்று. விண்ணப்பம் வரிசையில் கிடந்த ஒன்றரை வருடமும் தினம் விடிந்ததும் உத்தரத்துக் கயிற்றைப் பிடித்து நின்று நின்று, அவளே அதை இருபத்து நான்காக்கியிருந்தாள்.

அலுவலர் ஞானதுரை இரக்கப்பட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரும்மா உங்கள எக்ஸர்சைஸ் பண்ணச் சொன்னது? நாலு மாசம் அசையாமப் படுங்க. தானா எறங்கிரும்."

"கால் செத்தாத்தான் கால் குடுப்பீங்களோ?"

"ரூல்ஸ நானா எழுதுனேன்?"

வீட்டில் அக்கா செலின் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். பிரகாசி படுத்தாள். இருபத்து மூன்று. இருபத்தொன்று. கால்கள் மெலிந்து, தொட்டால் குளிர்ந்தன. பதினேழு வந்த அன்று செலின் தெருவுக்கே மக்ரூன் இனிப்பு கொடுத்தாள்.

"எதுக்குக்கா இது?"

"நீ பாஸாயிட்டேல்லா."

பிரகாசி டப்பாவைச் சுவரில் எறிந்தாள்.

நடைச்சட்டை வந்த நாளில் மையத்தில் பூச்செண்டும் புகைப்படக்காரரும் இருந்தார்கள். பயனாளி வாசலில் நின்றபடி எடுத்த படம் இல்லாமல் வழங்கல் பதிவாகாது. அதனால் நான்கு பேர் பிரகாசியைத் தூக்கி, சட்டைக்குள் இறக்கி, கால்களை அகட்டித் தேவைமானியின் நடுவில் நிறுத்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். படம் எடுத்தாயிற்று.

"இப்ப நடங்கம்மா" என்றார் ஞானதுரை.

அவள் நடக்க நினைத்தாள். பல்லைக் கடித்து மறுபடியும் நினைத்தாள். சட்டை பேசியது. "தசைத் துடிப்பு போதவில்லை. இயங்கக் குறைந்தது இருபது வேண்டும். விழாமலிருக்க மூட்டுகள் பூட்டப்படுகின்றன." பாதங்கள் தரையைக் கவ்விக்கொண்டன.



"சார்" என்றாள் பிரகாசி. "எனக்கு இருபத்து நாலு இருந்துச்சே."

"தகுதி எங்க துறை. கருவி வேற துறைம்மா."

"இதுவரைக்கும் எத்தன பேருக்குக் குடுத்திருக்கீங்க?"

"இந்த மாவட்டத்துல மட்டும் எண்ணூத்திப் பத்து."

"நடந்தவங்க எத்தன பேரு?"

ஞானதுரை புகைப்படக்காரரைப் பார்த்தார். "நின்னுருக்காங்க" என்றார். "எல்லாரும் நின்னுருக்காங்க. படம் இருக்கு."

வெளியே நின்ற செலின் கத்தினாள். "நல்லாக் கிடந்த புள்ளயப் படுக்க வச்சுக் கெடுத்தீங்களே, உருப்படுவீங்களா நீங்க?"

மணி ஐந்தரை. ஊழியர்கள் பைகளோடு வந்து பிரகாசியின் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். அவளைச் சுற்றி ஒரு பூனை போகத்தான் இடம் இருந்தது. சட்டையின் இடுப்புப் பூட்டு, அணிந்தவரின் விரல்ரேகைக்குத்தான் திறக்கும்.

"விரல வைங்கம்மா, எறக்கி விட்டுருதோம்" என்றார் ஞானதுரை.

பிரகாசி கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"வழிய விடணும்லம்மா. எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"இருபது வர்ற வரைக்கும் சார். போன தடவ ஒன்றரை வருசம் ஆச்சு."

கொஞ்ச நேரம் கெஞ்சினார். கொஞ்ச நேரம் மிரட்டினார். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. மண்டியிடும்போது ஒரு முனகலும். இரும்புக் கால்களுக்கு நடுவே யாரோ தவழ்வது அவளுக்குத் தெரிந்தது. குனிந்து பார்க்க முடியவில்லை.

"அறுபத்திரண்டு" என்றது வாசல். பிறகு, அடுத்தவரை அளக்கத் தொடங்கியது.