ராக்காயிக்குப் போட்ட விளக்கு

சாப்பாட்டு மேசைக்கு அடியில் மட்டும் வெளிச்சம் இறங்கவில்லை.

செனாய் ஊரில் யுகேந்திரனின் வரிசை வீட்டுக் கூடத்தில் இரண்டு குழல்விளக்குகளும் எரிந்துகொண்டுதான் இருந்தன. மணி ஏழேகால். வெளியே தொழிற்சாலை பஸ் ஒன்று உறுமியபடி போயிற்று. மழை ஓய்ந்தபின் எழுந்த சாக்கடை வாடையோடு வேறொரு வாடையும் வந்தது. வௌவால் எச்சமும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த, காலையில் சாஆ ஊர்த் தோட்டத்துக் கோயிலுக்குள் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே வாடை.

வயரிங் வேலைக்குத்தான் போயிருந்தான். கோயில் கூட்டும் வெள்ளையம்மா வாசலிலேயே மறித்தாள்.

"வேணாம்யா. ராக்காயி ராத்திரிக்காரி. உள்ள இதுவரைக்கும் ஒரு அகல்கூட ஏத்துனதில்ல."

"இந்தக் காலத்துல இருட்டுலயா சாமி கும்பிடுறது? சும்மா இருங்க லா."

வயரிங்கை முடித்துச் சுவிட்சைத் தட்டினான். கருங்கல் அம்மன் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டிருந்தாள். செதுக்கியதே அப்படித்தானா என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. விளக்கை எரியவிட்டே வந்துவிட்டான்.

மேசைக்கடியில் ஏதோ அசைந்தது.

"அப்பா."

மகள் லோஷினியின் குரல்.

"லைட்ட அடைங்கப்பா. கண்ணு கூசுது."

அவன் குனியவில்லை. போனில் மனைவியை அழைத்தான். "கஸ்தூரி... பாப்பா எங்க?"

"டியூஷன்லேர்ந்து ஏத்திட்டேன். கார்ல என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா. என்னாச்சு உங்களுக்கு?"

"அடைங்கப்பா" என்றது மேசைக்கடி. இருட்டு மேசையின் காலைத் தாண்டித் தரையில் வழிந்தது. நாற்காலி மறைந்தது. அவன் சுவரோடு ஒட்டி மூலைக்கு நகர்ந்தான். சுவிட்சுகளைக் கை தேடியது.

"தெரியாம செஞ்சிட்டேன், ஆத்தா. மன்னிச்சிரு."

இரண்டு விளக்கையும் அடைத்தான்.

இருட்டு ஏறியது. காலில் ஈரம். இடுப்பில் ஈரம். பிறகு கழுத்தில், நிதானமாக, யாரோ போர்த்திவிடுவதுபோல.

கார் நின்றது. கதவு திறந்தது. கஸ்தூரியின் கை அவன் தோளை உரசிக்கொண்டு போய் சுவிட்சைத் தட்டியது. கூடம் பளிச்சென்றது.

"உங்கப்பா எங்க? போன் கீழ கிடக்கு."

ஒரு முழத் தூரத்தில் அவள் முகம். கத்தினான். சத்தம் வரவில்லை.

கஸ்தூரி அடுப்படிக்குள் போனாள். லோஷினி மட்டும் நின்றாள். மூலையையே பார்த்தாள்.

"அம்மா, இங்க மட்டும் ஏன் வெளிச்சமே இல்ல?"

பிஞ்சுக் கையை உள்ளே நீட்டினாள்.

வராதே. வராதே, கண்ணு.

அவன் கை எழவில்லை. அவனுக்குப் பக்கத்தில், கண்களைப் பொத்தியிருந்த கருங்கல் கைகளில் ஒன்று மெல்ல விலகி, குழந்தையின் விரல்களைப் பிடித்துக்கொண்டது.