அப்பா நடக்கும் வழி

"என் புருஷன் கொலைகாரர் இல்ல சார். நாளைக்குக் கோர்ட்ல நிறுத்தப்போறாங்க. எப்படியாவது காப்பாத்துங்க!"

வந்தவள் உட்காரக்கூட இல்லை. பார்வையிழந்த அவள் அப்பாவை முந்தாநாள் மதியம் யாரோ தலையணையால் அமுக்கிக் கொன்றுவிட்டார்கள். அவர் ஆசையாகச் சேர்த்த கடிகாரங்களையும் காணோம். அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அப்பாவோடு இருந்த அண்ணனோ, கூசாமல் அவள் கணவன்மேல் பழியைப் போட்டுவிட்டான்.

"நாற்காலியை ஒழுங்கா தள்ளி வைக்கத் தெரியாம அண்ணன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிற அப்பாவி சார் அவரு!"

அவள் தேடி வந்த ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டருக்கு 'ஆமை' என்று பட்டப்பெயர். உதவியாளருக்கோ காலில் சக்கரம். செத்தவரின் அறைக்குள் முதல் ஆளாய் நுழைந்து, தன் பையை நடுவழியில் போட்டார்.

"திருடன்தான் சார்! வாரி இறைச்சிருக்கான்!"

துணிமணிகள், இழுப்பறைகள், உடைந்த கண்ணாடி எல்லாம் சுவரோரம் குவிந்து கிடந்தன. கட்டிலிலிருந்து வாசல்வரை தரை துப்புரவாக இருந்தது. நாற்காலி மேசைக்கடியில் செருகியிருந்தது. ஆமை, கடிகார அலமாரியில் விரலை ஓட்டினார். சீரான தூசி; கடிகாரம் இருந்த தடமே இல்லை.

"இது காலியாகி ரொம்ப நாளாச்சு. சாவி யார்கிட்ட?"

"அண்ணன்கிட்ட."

"அப்பா சமீபத்துல புதுசா ஏதாவது சொன்னாராம்மா?"

"அடுத்த வாரம் கண் ஆபரேஷன் சார். பார்வை வந்ததும் முதல்ல கடிகாரங்களைப் பார்க்கணும்னு குழந்தை மாதிரி சொல்லிக்கிட்டிருந்தார்."

சொல்லிவிட்டு அவள் காலி அலமாரியைப் பார்த்தாள்.

அண்ணன் கத்திக்கொண்டே வந்தான். "இன்னும் என்ன சார் துப்பு? அந்தப் படுபாவியைத் தூக்குல போடுங்க!" கத்தியபடியே குனிந்து, வழியில் கிடந்த பையைச் சுவரோரம் தள்ளினான்.

"அதை யாருக்காக நகர்த்துனீங்க?" என்றார் ஆமை.

"எதை?"

"பையை. அப்பாதான் போயிட்டாரே."

அண்ணன் பையிலிருந்து கையை எடுத்தான்.

"திருட்டு மாதிரி காட்ட எல்லாத்தையும் கலைச்சீங்க. ஆனா அவர் நடக்கிற வழியில ஒரு துணிகூட விழல. நாற்காலியையும் உள்ள தள்ளிட்டீங்க. இது அண்ணன் தங்கச்சி உங்க ரெண்டு பேர் கைக்குத்தான் பழக்கம். தங்கச்சி பள்ளிக்கூடத்துல இருந்தாங்க. கடிகாரங்களை வித்துட்டு, அவர் கண் திறந்தா மாட்டிக்குவோம்னு பயந்துட்டீங்க."

"அடப்பாவி! எப்படிண்ணா மனசு வந்துச்சு?" அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். கணவன் வீடு திரும்புவான் என்ற நிம்மதிகூட அவளுக்கு வரவில்லை.

அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வழியில ஏதாவது கிடந்தா தடுக்கி விழுந்துடுவாரும்மா," என்றான்.