நீலக் கதவு முன்னால் ஒரு படம்

"ஒண்ணு கேட்டா செய்வியா, பிரியா?"

"அந்த அட்டை சோலியைத் தவிர வேற என்னன்னாலும் கேளுங்க மாமா."

"அப்ப ஒண்ணுமில்ல, விடு."

கல்யாணமான இரண்டு வருஷத்தில் காசிமாயன் எத்தனையோ தடவை இப்படி வாயெடுத்து, சிரித்து, விட்டுவிட்டிருக்கிறான். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் அவன் சூப்பர்வைசர். மழைக்காலத்தில் அங்கே வேலை முடிந்து வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன் ஜோடி ஜோடியாக வாசலில் நின்று, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து, ஒட்டி ரத்தம் குடிக்கும் அட்டையை உப்புத்துணி வைத்து எடுத்துவிடுவார்கள். மலைக்காரர்களுக்கு அது கைகால் கழுவுகிற மாதிரி. போடி டவுனில் வளர்ந்த முத்துப்பிரியாவுக்கு நினைத்தாலே குமட்டும். சனிக்கிழமை ஜீப்பில் இறங்கி வருகிற புருஷன் வாசற்படியிலேயே நின்று, சட்டையைக் கழற்றி உதறி, கை எட்டின வரைக்கும் தானே தேய்த்துக்கொண்டு உள்ளே வருவான். அதற்காகக் கதவுக்கு வெளியே ஆணியில், உப்பும் புகையிலைத் தூளும் முடிந்த துணி ஒன்று தொங்கும். இப்போதும் தொங்குகிறது. எடுத்துப் போட யாருக்கும் மனசு வரவில்லை.

அவன் செத்து நாற்பது நாள்.

ஓடைச் சரிவில் வழுக்கி விழுந்தவனை மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தார்கள். வீட்டில் கிடத்தியிருந்தபோது, "முகத்தைப் பாரு ஆத்தா, இனி எங்க பாக்கப் போற" என்று மாமியார் மகாராணி இவள் கையைப் பிடித்து இழுத்தாள். முத்துப்பிரியா குனிந்தாள். சட்டைக் காலருக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று தலையைத் தூக்கி, இடமும் வலமும் எதையோ தேடியது. குழாயடிக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தவள், திரும்ப அவன் பக்கத்தில் போகவே இல்லை.

அன்றைக்குப் பார்க்காமல் விட்ட அந்த முகத்துக்காகத்தான் இன்றைக்குப் போனை எடுத்து உட்கார்ந்தாள்.

வாரத்தில் ஆறு நாள் அவன் மலையில், இவள் போடியில். நடுவில் செல்போனில் ஆடும் துப்பாக்கி விளையாட்டுதான் அவர்கள் குடித்தனம். ஒரே அணியில் ஓடுவார்கள், பதுங்குவார்கள், சுடுவார்கள். ஜெயித்தால் விளையாட்டில் வரும் தீவில் உள்ள நீலக்கதவு வீட்டு முன்னால் இருவரின் பொம்மைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, அவள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பாள். கடைசி ஆட்டத்தில் மட்டும் எடுக்கவில்லை. திடீரென்று போடியில் மழை பிடித்துக்கொண்டது. போனுக்குள்ளிருந்து அவன் கத்தினான்.

"இரு பிரியா, படம்!"

"துணி நனையுது மாமா. சனிக்கிழமை எடுத்துக்கலாம்."

"துணிக்கு இருக்கிற மரியாதை கூட இந்த வீட்ல புருஷனுக்கு இல்ல."

சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை.

போனில் பதிவாகியிருந்த அந்த ஆட்டத்தின் ரீப்ளே மட்டும் மிச்சம். அதுவும் இன்று சாயங்காலம் ஆறு மணிவரைதான். புது அப்டேட் வந்ததும் பழைய ரீப்ளேக்கள் அழிந்துபோகும் என்று அறிவிப்பு வந்திருந்தது. மணி நாலு. மாமியார் தேவாரம் ஊரில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். காலையிலிருந்து விடாத சாரலில் வீடே நமத்துப்போய், தலையணையிலிருந்து சுவர் வரைக்கும் ஈரத்துணி வாடை அடித்தது.

ரீப்ளேயை ஓட்டினாள். இவளுடைய பொம்மை சிலையாக நிற்க, அவனைப் போலவே மீசை வைத்து, பச்சைச் சட்டை போட்ட அவன் பொம்மை ஓடிவந்து நீலக்கதவுக்கு முன்னால் நின்றது. அங்கே நிறுத்தினாள். நிறுத்திய காட்சியில் கேமராவை எந்தப் பக்கமும் சுற்றலாம். அவன் முதுகுதான் தெரிந்தது. விரலால் திரையை இழுத்தாள். மரம் நகர்ந்தது, வேலி நகர்ந்தது, நீலக்கதவு ஒரு பக்கமாக விலகிப் போனது. முதுகு அப்படியே இருந்தது.

எதிர்ப்பக்கம் இழுத்தாள். இப்போது கேமரா கதவை ஒட்டி நின்றது. மீசை வைத்த அந்த முகம் தெரிந்தாக வேண்டும்.

முதுகு.

போன் கோளாறாக இருக்கும் என்று, இருந்தபடியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெரிதாக்கினாள். பச்சைச் சட்டையில் தோளுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. திரையில் அழுக்கு என்று சேலை முந்தியால் துடைத்தாள். போகவில்லை. இன்னொன்று எடுத்தாள். அதில் ஐந்து இருந்தன. மூன்றாவது படத்தில் எண்ண முடியவில்லை. ரத்தம் குடித்து நாவல்பழம் போல உப்பி, பளபளவென்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சட்டையே தெரியாமல் அப்பிக் கிடந்தன.

ரீப்ளேக்குத் திரும்பினாள். காட்சி நின்றுதான் இருந்தது. முதுகு மட்டும் மெல்ல நெளிந்தது.

வாசனை அப்போதுதான் உறைத்தது. அழுகிய ஏலக்காயின் இனிப்பும், ஓடைச் சேறும், அதற்கடியில் பழைய ரத்தத்தின் இரும்பு நாற்றமும் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கின. போனைப் போட்டுவிடலாம் என்று கட்டைவிரலைத் தூக்கினாள். திரையிலிருந்து விரல்வரை கோழையாக ஒரு நூல் நீண்டது. அறுபடவில்லை. இன்னும் நீண்டது.

உதறினாள். போன் தரையில் விழுந்து மல்லாந்தது.

திரையில் நீலக்கதவு. அதற்கு முன்னால் யாரும் இல்லை.

வாசலில் ஒரு சத்தம். சப். ஈரச் சட்டையை உதறுகிற சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. சப்.

இன்று சனிக்கிழமை.

கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. எழுந்துபோய்ச் சாத்த வேண்டும் என்று நினைத்தாள். கதவிடுக்கில் ஆணி தெரிந்தது. வெறும் ஆணி.

அதற்கு அந்தப் பக்கம், சாரலில், படியில் ஒருத்தன். வெறும் முதுகு. கறுப்பு. தோலே இல்லாத கறுப்பு. எல்லாம் நெளிந்தன. ஒரு கை பின்னால் வளைந்து, உப்புத்துணியால் தடவப் பார்த்தது. எட்டவில்லை. மறுபடியும். எட்டவில்லை. கொழுத்த ஒன்று பொத்தென்று படியில் விழுந்து, தலையைத் தூக்கி, இடமும் வலமும் தேடி, உள்பக்கம் திரும்பியது.

அவன் திரும்பவில்லை. உப்புத்துணியை மட்டும், அவள் வாங்கிக்கொள்வதற்காக, பின்பக்கமாக நீட்டினான்.

"எனக்கு எட்டலை பிரியா," என்றான். "நீ எடுத்து விடு."