‘வீட்டாரே’ என்றால் விழிக்கும் பெட்டி

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையில் இருக்கும் போனைக் கொஞ்சம் குப்புறக் கவிழ்த்து வையுங்கள். துனிசியாவில் ஸூஸ் நகரத்துப் பழைய மதிலுக்குள் குடிவந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

லம்ஜத், அவன் மனைவி எம்னா, ஆறு வயது மகள் ஷதா. மூவரும் சாமான் வண்டியோடு வந்து இறங்கியது உச்சிவெயிலில். நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு. முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி. கல்மூடியைத் தூக்கினால் ஈரச் சுண்ணாம்பு வாசனை. ஷஹீலி என்கிற சூட்டுக்காற்று பாலைவனத்திலிருந்து வீசும் மாதம் அது. உச்சி நேரத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். தெருவில் ஒரு பூனைகூட நடக்காது.

எம்னா வாசலிலேயே நின்று, "வீட்டாரே" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். ஆளில்லாத வீட்டுக்குள் அங்கே யாரும் சும்மா நுழைவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் குடியிருப்பவர்களுக்கு நாம் வருகிறோம் என்று தெரிய வேண்டும். ஒதுங்கிக்கொள்ள அவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும். ஷதாவும் அம்மாவைப் பார்த்துக் கீச்சுக்குரலில் "வீட்டாரே" என்றாள். வாய் ஓயாத பிள்ளை அது. தூக்கத்தில்கூட யாருக்காவது எதையாவது விளக்கிக்கொண்டிருக்கும்.

லம்ஜத்துக்கு மென்பொருள் எழுதுகிற வேலை. கம்பெனிக்காரன் மைக் ஒன்றுகூடத் தன் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதக்காரன். டிவியைப் பிரித்து அதன் காதைப் பிடுங்கியவன். எம்னாவின் போனில் கம்பெனி போட்டதையெல்லாம் துடைத்துவிட்டு, யாரும் திறந்து படிக்கக்கூடிய மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவன். எம்னாவின் அண்ணன் மொன்ஸெஃப் நேர்மாறு. கடைக்குப் புதிதாக எது வந்தாலும் வாங்குவான். திரையில் எது கேட்டாலும் 'சம்மதம்' என்று அழுத்துவான். கூஸ்கூஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் இருவருக்கும் சண்டைதான்.

"ஒட்டுக் கேக்கட்டுமே லம்ஜத். எம் பொண்டாட்டி திட்டறத நான் ஒருத்தனே எத்தன நாளைக்குக் கேக்கறது?"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்க விடாதவன வீட்டுக்குள்ள விடுவியா நீ?"

"மாமியார விட்டேனே."

எம்னாவுக்கோ பேசினால் வேலை செய்யும் பெட்டி மேல் ஆசை. மாவுக் கையோடு நிற்கும்போது விளக்குப் போட வேண்டும், மோட்டார் போட வேண்டும். கடைப்பெட்டி வேண்டாமென்று லம்ஜத் தானே ஒன்று செய்தான். வெளியுலகத்தோடு தொடர்பே கிடையாது. கேட்டதெல்லாம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அதை எழுப்ப ஒரு சொல் வேண்டுமல்லவா? சும்மா பேசும்போது வாயில் வராத, ஆனாலும் நாக்குக்குப் பழகிய சொல். 'வீட்டாரே' என்று வைத்தான். தன்னைப் போன்றவர்களின் வழக்கப்படி, எழுதியது அத்தனையையும் இணையத்தில் பொதுவில் வைத்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இலவசம்.

எம்னாவின் முகம் மாறிவிட்டது.

"அது ஒதுங்குங்கன்னு சொல்றது, லம்ஜத். கூப்புடறதுக்கு இல்ல."

"வெறும் சத்தம்தானே? பெட்டிக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"நான் பெட்டியச் சொல்லல."

பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. கூப்பிட்டால் தட்டையான ஆண்குரலில் 'சொல்லுங்க' என்னும், விளக்கு எரியும். ஷதா அதை நாள் முழுக்கக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்துக் கதைகளையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மதியம், வீடு உறங்கிக்கொண்டிருந்தது. புழுக்கத்தில் லம்ஜத்துக்கு மட்டும் தூக்கமில்லை. வெளியே காற்று மணலை அள்ளிக் கதவில் தேய்த்தது.

"சொல்லுங்க."

யாரும் கூப்பிடவில்லை.

பெட்டி இருந்தது சமையலறையில். குரல் வந்தது முற்றத்திலிருந்து.

எழுதியதைத் திறந்து வரிவரியாகப் படித்தான். வெளிநாட்டு நண்பர்களும் படித்தார்கள். பிழை இல்லை, ஒளிந்திருப்பது எதுவும் இல்லை. கம்பெனிப் பெட்டியாக இருந்திருந்தால் பழிபோட ஒருவனாவது இருந்திருப்பான். இதுவோ பளிங்குபோலத் தெளிவாக இருந்தது.

அந்த வாரத்திலிருந்து ஷதாவின் பேச்சு குறைந்தது. முதலில் கதைகள் நின்றன. பிறகு கேட்டதற்கு மட்டும் பதில். பிறகு தலையாட்டல். மருத்துவர் தொண்டையைப் பார்த்துவிட்டுக் குறையொன்றும் இல்லை என்றார். பெட்டியின் 'சொல்லுங்க' மட்டும் நாளுக்குநாள் மெலிந்து, கீச்சென்று ஆகிக்கொண்டே வந்தது.

ஒரு மதியம் சமையலறை முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாசனை. ஷதா அப்பன் மடியில் வாய்மூடி உட்கார்ந்திருந்தாள்.

"பாபா, கதவத் தொற."

ஷதாவின் குரல். ஷதாவின் உதடு அசையவில்லை.

லம்ஜத் மின்கம்பியைப் பிடுங்கினான். பெட்டியைப் பிளந்து ஸ்பீக்கரைத் தனியே எடுத்துத் தரையில் போட்டான்.

"பாபா, இங்க ஒரே ஈரமா இருக்கு."

பிளந்து கிடந்த பெட்டியிலிருந்துதான் வந்தது.

எம்னா முற்றத்துக்கு ஓடிக் கல்மூடியின் மேல் மண்டியிட்டாள். உரக்கப் பேச அவளுக்குத் துணிவில்லை.

"வீட்டாரே, ஒதுங்கிக்கங்க. எம் பிள்ளையோட பேச்சக் குடுத்துட்டு ஒதுங்கிக்கங்க."

கொஞ்ச நேரம் காற்றுகூட நின்றது.

"சொல்லுங்க," என்றது மாடி அறை.

"சொல்லுங்க," என்றது தொட்டி.

"சொல்லுங்க. சொல்லுங்க. சொல்லுங்க."

கட்டிய துணியோடு கிளம்பி மொன்ஸெஃபின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். அவன் மருமகளின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் வீட்டிலிருந்த பேசும் சாமான்களையெல்லாம் பெருக்கி அள்ளிக் கீழே கொண்டுபோய்ப் போட்டான். மருத்துவர்களைப் பார்த்தார்கள், ஓதித் தாயத்துக் கட்டினார்கள். ஷதா பேசவில்லை.

குளிர்காலத்தில், அந்த மென்பொருளை எடுத்துப் பெட்டி செய்துகொண்ட ஒருவர் இஸ்மீர் நகரத்திலிருந்து லம்ஜத்துக்கு நன்றி சொல்லி எழுதினார். பெட்டி அருமையாக வேலை செய்கிறதாம். அதில் பேசும் சின்னப் பெண்ணின் குரல் தேன் போல இருக்கிறதாம். யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டிருந்தார். லம்ஜத் எந்தக் குழந்தையின் குரலையும் அதில் வைக்கவில்லை. அடுத்த நாள் லிமாவிலிருந்து ஒன்று. பிறகு ஹெல்சிங்கி. பொதுவில் வைத்ததை அவன் எடுத்துவிட்டான். எடுத்துக்கொண்டவர்களை அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சி எழுதினான். ஆனால் எடுத்தவர்கள் அடுத்தவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள், அவர்கள் அதற்கடுத்தவர்களுக்கு. இலவசமாகக் கொடுத்ததை எந்த வாசலில் போய்த் திருப்பிக் கேட்பது?

கடைசியாக ஒரு பெண் எழுதினாள். நீங்கள் சொன்னபடி அழித்துவிட்டேன், பெட்டியையும் எரித்துவிட்டேன். ஆனாலும் அந்தக் குழந்தை கதவைத் திறக்கச் சொல்லி அழுகிறாள். எந்தக் கதவு என்று மட்டும் சொல்லுங்கள், திறந்துவிடுகிறேன்.

லம்ஜத் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷதா வாயைத் திறந்தாள். உதடுகள் அசைந்தன, நாக்கு அசைந்தது, கண்ணில் நீர் முட்டியது. ஒரு சத்தமும் இல்லை.

எங்கோ, யார் வீட்டிலோ, அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காது வலிக்க வலிக்கப் பேசட்டும், கண்ணுகளா. அவர்கள் குரல் உங்கள் கூரைக்குக் கீழேயே தங்கட்டும். உங்கள் வாசலும் அடுப்பும் நிறைந்திருக்கட்டும்.