கழுவக் கூடாத இரும்பு

சுவிட்சை அணைத்த பிறகும் மிஷினின் ரீங்காரம் நிற்கவில்லை. காதருகே கொசு சுற்றுவது போல மெல்லிய சத்தம். மாண்ட்ரியலின் அக்டோபர் குளிரில் கொசு ஏது? நிலவறையின் சிமெண்டுச் சுவர்களைத் தடவிக்கொண்டு அது இன்னும் சற்று நேரம் ஓடி, பிறகு மனமில்லாமல் அடங்கியது.

பல் டாக்டர் நாகசுப்பிரமணியன் உதட்டைப் பிதுக்கினார். கிளினிக்குக்குப் புதியது வந்ததும் இந்தப் பழைய அல்ட்ராசோனிக் தொட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். காதுக்கு எட்டாத ஒலி தண்ணீரில் கோடிக்கணக்கான நுண்குமிழிகளை எழுப்பும்; அவை வெடித்து, பிரஷ் நுழையாத இடுக்கிலிருந்தும் அழுக்கைப் பிடுங்கிக்கொண்டு வரும். இதைச் சொன்னால் புரிந்துகொள்ளும் மூளை டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற இந்தப் புறநகரில், இந்தத் தெருவில் யாருக்கும் இல்லை என்பது அவருடைய தீர்மானம்.

இன்று தொட்டியில் கிடந்தது பல் பிடுங்கும் குறடு அல்ல, வேட்டைத் துப்பாக்கியின் போல்ட். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற, சாண் நீள இரும்புத் துண்டு. அது இல்லையென்றால் துப்பாக்கி வெறும் குழாய். அந்தக் குழாய் மேலே, சரஸ்வதி படத்துக்கு முன்னால், கார் சாவிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் படுத்திருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுதத்தை வைக்காமல் வேறு எதை வைப்பது என்று அவர் மனைவி அம்புஜம் அதற்கும் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் இட்டுவிட்டாள். போல்டின் இடுக்கெல்லாம் அப்பிக்கொள்ளும்படி. தோட்டாப் பெட்டிக்கும் ஒரு பொட்டு. நாளைக் காலை புனர்பூஜை முடியும்வரை எதையும் தொடக் கூடாது என்றாள். அவரோ விடியும் முன்பே வேட்டைக்குக் கிளம்ப வேண்டும். அவள் சுண்டல் தாளிக்கப் போன சமயத்தில் போல்டை மட்டும் உருவிக்கொண்டு கீழே வந்துவிட்டார்.

“எறும்பு மருந்து அடிக்கவே என்னைக் கூப்பிடுவேள். நீங்க மான் சுடப் போறேளாக்கும்!” மத்தியானம் அவள் சிரித்தபோது மேல்வரிசையின் இடது ஓரத்தில் தங்கம் மின்னியது. கல்யாணமான புதிதில் ராயப்பேட்டையில் அவரே அடைத்த பல்.

“சுடறதுக்கு இல்லேடி. கூடப் போனாத்தான் கிளினிக் வெச்சிருக்கிற அந்த வெள்ளைக்காரன் என்னைப் பார்ட்னரா சேர்த்துப்பான்.”

“அப்போ குழம்புச் சாதம் கட்டித் தரேன். மானுக்கும் கொஞ்சம் போடுங்கோ.”

கேலி பண்ணத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு அறிவு இல்லை என்று அவர் அப்போதும் நினைத்தார். செத்த புருஷனின் துப்பாக்கியை இவருக்கு விற்ற பின்வீட்டுக் கிழவி மதாம் திபோ இவளுக்கும் மேல். பழைய போர்வையில் சுற்றி, தணலை நீட்டுவது போலக் கையை எட்ட வைத்து நீட்டினாள். “கழுவாதே, டாக்டர். எண்ணெய் போடு, போதும்,” என்று அரைகுறை இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொன்னாள். கழுத்துச் சிலுவையை விடவே இல்லை. அங்கே ஒரு சிலுவைக்காரி, இங்கே ஒரு குங்குமக்காரி. இரண்டு பேருக்கும் சோப்புத் தண்ணீர்தான் மருந்து.

மூடியைத் திறந்தார். தண்ணீர் சிவந்திருந்தது.

“குங்குமம்,” என்று உரக்கவே சொன்னார். கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடியும் ஓடவிட்டார். மூலையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஒருமுறை குமுறி ஓய்ந்தது. உயரத்திலிருந்த சின்ன ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. கடுகும் பெருங்காயமும் படியிறங்கி வந்துகொண்டிருந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை எழுந்தது, வெதுவெதுப்பாக, துருவேறிய ஆணியை நாக்கில் வைத்தது போல. இருபது வருஷமாகப் பல் பிடுங்கியவருக்கு அந்த வாசனையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

தண்ணீர் முன்னைவிடச் சிவப்பாக இருந்தது.

கிழவியின் புருஷன் சுட்ட மானின் ரத்தம். காய்ந்து கிடந்தது இளகுகிறது. அவ்வளவுதான். ஆனால் காய்ந்த ரத்தம் பழுப்பாகக் கரையும். இது பழுப்பு இல்லை. இது இப்போதுதான் வந்தது.

கிழவியின் புருஷன் எப்படிச் செத்தான் என்று அவர் கேட்டதே இல்லை. அவளிடம் போய் என்ன பேச்சு என்று இருந்துவிட்டார்.

ப்ளக்கைப் பிடுங்கினார்.

ரீங்காரம் நின்றது. இல்லை, நிற்கவில்லை. தொட்டி அசையாமல் இருந்தது. சத்தம் வேறு எங்கிருந்தோ வந்தது.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு சிவந்த தண்ணீருக்குள் கையை விட்டார். போல்டை எடுத்துத் துடைத்து, பேசாமல் மேலே வைத்துவிட வேண்டும். விரலில் சின்னதாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்து விளக்கடியில் பிடித்தார்.

பல்.

மனிதப் பல். மேல்வரிசை, இடது பக்கம், முன்கடைவாய். வேரில் சதை ஒட்டியிருந்தது. நடுவில் தங்கம். தங்கத்தின் ஓரத்தில், அவசரத்தில் அவரே விட்டுவிட்ட, அவருக்கு மட்டுமே தெரிந்த அந்தச் சின்னக் கீறல்.

“அம்புஜம்!”

பல்லோடு படியடிக்கு ஓடினார்.

“அம்புஜம்!”

“ஏன் இப்படிக் கத்தறேள்? வரேன்.” படிக்கட்டின் மேல்கதவு திறந்தது. சமையலறை வெளிச்சத்தில் அவள் நின்றாள். முழுசாக. சிரித்தபடி. இடது ஓரத்தில் தங்கம் மின்னியது.

அவர் உள்ளங்கையிலும் மின்னியது.

அவள் கைகளில், குழந்தையை ஏந்துவது போல, துப்பாக்கி. குழல் முழுக்கக் குங்குமப் பொட்டு.

“பூஜையிலே வெச்சதைத் தொடப்படாதுதான். ஆனா இது பாட்டுக்கு ரீங்காரம் பண்றதுன்னா. உள்ளே ஏதோ பூச்சி புகுந்துடுத்துபோல இருக்கு.”

“கீழே வை.” அவர் ஒரு படி ஏறினார்.

வெறும் குழாய். போல்ட் இங்கே இருக்கிறது. தோட்டா போடவில்லை. போட்டதாக நினைவில்லை. போல்ட் இங்கே இருக்கிறது.

“நீங்க ஏதோ கழட்டிண்டு போயிட்டேளோன்னு நினைச்சேன். எல்லாம் அதது இடத்துலே இருக்கே!” என்றாள் அவள். பிடியைப் படியில் ஊன்றி, குனிந்து, இடது கன்னத்தைக் குழலின் வாயில் பதித்துக் காது கொடுத்தாள். “வந்து கேளுங்கோளேன்.”

அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் தெளிந்திருந்தது. அடித்தட்டு வரை தெரிந்தது. அதில் போல்ட் இல்லை.